ஓசையின்றி ஓங்கிய பணி: துன் வீ. தி. சம்பந்தனார் வாழ்வும் வழியும்

சமுதாயப் பணியில் ஈடுபடுவோர்க்கு இருவகைத் திறன் வேண்டும் என்பர் பெரியோர். கூட்டத்தைத் திரட்டி உரிமைக்காக உரத்து முழங்கும் திறன் ஒன்று. எதிரும் புதிருமாய் நிற்பவர்களை ஓரிடத்தில் அமரச் செய்து, எவருடைய மானமும் குன்றாமல் காரியத்தை முடித்துக் கொடுக்கும் திறன் மற்றொன்று. முன்னதைக் கண்டு நாம் கைதட்டி மகிழ்கிறோம். பின்னதோ நம் கண்ணுக்குத் தென்படுவதே அரிது. பூசல் மூளாமலே தீர்ந்த ஒன்றை யார் நினைவில் வைத்திருப்பார்? ஆயினும் வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் சொல்வன்மைக்கும் அவையறிதலுக்கும் குறிப்பறிதலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்திருப்பதை எண்ணிப் பார்த்தால், இவ்விரண்டாம் திறனை நம் முன்னோர் எத்துணை உயர்வாகக் கருதினர் என்பது விளங்கும்.

இந்நாட்டுத் தமிழர் வரலாற்றில் அத்திறனுக்குத் தலைசிறந்த சான்றாக விளங்கியவர் துன் வீ. தி. சம்பந்தனார் ஆவார். அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவர் பெயரைத் தாங்கிய சாலைகளும் கட்டடமும் இருக்கின்றன. ஆயினும் அவர் எவ்வாறு செயலாற்றினார் என்பதை இளந்தலைமுறையினர் பலர் அறியார். அதனை நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் நகரில் 1919ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 16ஆம் நாள் சம்பந்தனார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் திருஞானசம்பந்தன். தந்தையார் வீராசாமி அவர்கள் 1896ஆம் ஆண்டு தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர். தம் கடும் உழைப்பால் ரப்பர் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர். செல்வக் குடியில் பிறந்தும், தோட்டத்து லயங்களில் வாழ்ந்த மக்களின் வாழ்வை அருகிருந்து காணும் வாய்ப்பு இளமையிலேயே சம்பந்தனாருக்குக் கிட்டியது.

கோலகங்சார் கிளிஃபர்டு பள்ளியில் கற்றபின், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உயர்கல்வி பயின்றார். அக்காலத்தில் அப்பல்கலைக்கழகம் தமிழுணர்வுக்கும் விடுதலை உணர்வுக்கும் விளைநிலமாக இருந்தது. காந்தியடிகளின் நெறி சம்பந்தனாரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. எதிரியையும் பகைவனாகக் கருதாமல் அவன் மனத்தை மாற்ற முயலும் அந்நெறியின் சாயலை அவர்தம் பிற்காலப் பணிகள் அனைத்திலும் காணலாம்.

போர் முடிந்தபின் அவர் தாயகமாம் மலாயாவுக்குத் திரும்பினார். சில ஆண்டுகளில் நாட்டை அவசரகாலம் சூழ்ந்தது. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்ச்சியே அதற்கு உடனடிக் காரணம். அது நிகழ்ந்த இடம் சம்பந்தனாரின் பிறந்த ஊராகிய சுங்கை சிப்புட்டே ஆகும். காட்டிலிருந்து வந்தவர்க்கும் அஞ்ச வேண்டும், படைக்கும் அஞ்ச வேண்டும் என்ற இருதலைக் கொள்ளி எறும்பின் நிலையில் தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த காலம் அது. ஒரு சொல் கூடினாலும் ஒரு குடும்பம் அழியக்கூடிய அச்சூழலில், அம்மக்களிடையே அவர் பொதுவாழ்வில் அடியெடுத்து வைத்தார். 1954ஆம் ஆண்டு சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எனும் தமிழ்ப்பள்ளி எழுந்தது. அதற்குத் தம் பொருளை வழங்கி முன்னின்றவர் அவரே. விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் வந்து அப்பள்ளியைத் திறந்து வைத்தார்.

இரண்டு இடங்களின் பெருமை

1946ஆம் ஆண்டு தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரஸ், தொடக்கத்தில் நகரத்துக் கற்றோரின் கட்சியாகவே விளங்கியது. 1954இல் அது அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் அமைத்திருந்த கூட்டணியில் சேர்ந்தது. சேர்ந்தது சரியா தவறா எனும் வாதம் கட்சிக்குள் ஓயவில்லை. அந்நிலையில், 1955ஆம் ஆண்டு மே மாதம், 35 வயதே நிரம்பிய சம்பந்தனார் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

ஏற்ற சில வாரங்களிலேயே முதற்சோதனை வந்தது. ஜூலை 27ஆம் நாள் நடைபெறவிருந்த கூட்டரசுச் சட்டமன்றத் தேர்தலில் 52 இடங்கள் இருந்தன. கூட்டணிப் பங்கீட்டில் அம்னோவுக்கு 35, சீனர் சங்கத்துக்கு 15, ம.இ.கா.வுக்கு 2 என்று ஒதுக்கப்பட்டன. இரண்டே இடங்களா என்று கட்சியினர் கொதித்தனர். அவர்கள் கொதிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சம்பந்தனார் கணக்கின் மறுபக்கத்தையும் பார்த்தார். அன்றைய வாக்காளர் பட்டியலில் இந்தியர் நூற்றுக்கு நால்வர் என்ற அளவினரே ஆவர். தனித்து நின்று வெல்லத்தக்க தொகுதி நாட்டில் ஒன்றும் இல்லை. கூட்டணியைவிட்டு வெளியேறினால் ஒரு நாள் பரபரப்பு உண்டாகும். மறுநாள் விடுதலைப் பேச்சு நடக்கும் அவையில் நமக்கு நாற்காலி இராது.

ஆகவே அவர் இரண்டு இடங்களையும் ஏற்றார். இரண்டிலும் கட்சி வென்றது. கிந்தா உத்தாரா தொகுதியில் அவரே நின்று வெற்றி பெற்றார். கூட்டணி 52இல் 51 இடங்களைக் கைப்பற்றியது. துங்கு அப்துல் ரஹ்மான் அமைத்த முதல் அமைச்சரவையில் சம்பந்தனார் தொழிலாளர் அமைச்சரானார். தொழிலாளராய் வந்த குடியில் பிறந்தவர் தொழிலாளர் துறைக்கு அமைச்சரான செய்தி தோட்டங்களில் எத்தகைய நம்பிக்கையை ஊட்டியிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

மூடிய கதவுக்குள் நடந்த பேச்சு

அடுத்த சோதனை முன்னதினும் பெரிது. விடுதலை மலாயாவின் அரசமைப்பை வரைய ரீட் ஆணையம் 1956ஆம் ஆண்டு நாடெங்கும் கருத்துக் கேட்டது. மலாய்க்காரர்தம் சிறப்புநிலை, குடியுரிமை, மொழி ஆகிய மூன்றும் தீண்டினால் சுடும் பொருள்கள். கூட்டணியின் மூன்று கட்சிகளும் தனித்தனி வேண்டுகோள் விடுத்திருந்தால், ஒவ்வொன்றும் தன் இனத்தவரிடம் வீரப்பட்டம் பெற்றிருக்கும்; விடுதலையோ தள்ளிப் போயிருக்கும். அவ்வாறு செய்யாமல், கருத்து வேறுபாடுகளைத் தமக்குள்ளேயே பேசித் தீர்த்து, ஒரே கோரிக்கை மனுவாக அளித்தனர்.

அப்பேச்சில் எவரும் விரும்பியதனைத்தையும் பெறவில்லை. மலாய்க்காரர்தம் சிறப்புநிலையையும் மலாய்மொழியின் முதன்மையையும் ஏனையோர் ஏற்றனர். மெர்டேக்கா நாளன்றும் அதன் பின்னரும் இம்மண்ணில் பிறக்கும் குழந்தைகள் பிறப்பினாலேயே குடிமக்கள் ஆவர் என்பதை அம்னோ ஏற்றது. முன்பே இங்கு வாழ்ந்தோரும் தகுதிக்கேற்பக் குடியுரிமை கோர வழி பிறந்தது. ஆங்கிலம் பத்தாண்டுக் காலம் அலுவல்மொழியாகத் தொடர இசைவு ஏற்பட்டது. தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் நாட்டின் கல்வி முறைக்குள் இடம்பெறுவதற்கு 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை வழிவகுத்தது.

கொடுத்தது மிகுதி, பெற்றது குறைவு என்று நம்மவருள் ஒரு சாரார் அன்றே குறைகூறினர். அக்குறையைச் சம்பந்தனார் அறியாதவர் அல்லர். ஆனால் உள்ளே நடந்த பேச்சில் தாம் எதற்கு எவரோடு வாதிட்டார் என்பதை வெளியே முழங்கிப் புகழ் தேடும் வழக்கம் அவரிடம் இல்லை. விட்டுக் கொடுத்த நண்பனை அவன் இனத்தார் முன் தலைகுனிய வைத்தால், அடுத்த முறை அவன் விட்டுக் கொடுக்க முன்வருவானா? துங்குவுக்கும் அவருக்கும் இடையே நிலைத்திருந்த நட்புக்கு அடிப்படை இந்த நாநலமும் நாவடக்கமுமே என்று துணிந்து கூறலாம். 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. துங்கு, துன் டான் செங் லோக் ஆகியோரோடு சம்பந்தனாரின் பெயரும் நாட்டை உருவாக்கியோர் வரிசையில் நிலைபெற்றது. பின்னர் சுகாதார அமைச்சராகவும், 1959 முதல் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராகவும் அவர் நீண்டகாலம் தொண்டாற்றினார்.

பத்து வெள்ளியில் எழுந்த கோட்டை

சுங்கை பாக்காப் வட்டாரத்து மக்களுக்குச் சம்பந்தனாரின் அருமையை உணர்த்த வேண்டுமாயின், தோட்டத் துண்டாடல் எனும் ஒரு சொல்லே போதும். நம் செபராங் பிறைப் பகுதியில் முதலில் கரும்புத் தோட்டங்களும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களும் செழித்தன. நம் பாட்டன் பூட்டன்மார் அவற்றில் உழைத்தே இவ்வூரைக் கண்டனர். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் நாடெங்கிலும் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தம் தோட்டங்களை விற்கத் தலைப்பட்டனர். வாங்கிய இடைத்தரகர்கள் அவற்றைச் சிறுசிறு துண்டுகளாக்கி விற்றனர். துண்டு நிலம் வாங்கியவருக்குப் பழைய தொழிலாளர் தேவைப்படவில்லை. வேலை போயிற்று, வேலையோடு லயத்து வீடும் போயிற்று, பள்ளியும் குழந்தைகள் காப்பகமும் கோயிலும் ஆதரவற்று நின்றன. பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்து வெளியிட்ட நூல் இத்துயரை நாட்டுக்குத் தெளிவாக எடுத்துக் காட்டியது.

இங்கே அமைச்சரின் நிலை எத்துணை இக்கட்டானது என்பதை எண்ணிப் பாருங்கள். தொழிலாளர்தரப்பு துண்டாடலைத் தடுக்குமாறு அரசாங்கத்தைக் கோரியது. அரசாங்கமோ, புதிதாய் விடுதலை பெற்ற நாட்டில் சொத்துரிமையில் கைவைத்தால் வெளிநாட்டு முதலீடு ஓடிவிடும் என அஞ்சியது. விற்பவர் சட்டப்படி விற்றார். வாங்குபவர் சட்டப்படி வாங்கினார். சம்பந்தனார் அமைச்சரவையை எதிர்த்து வெளியேறியிருக்கலாம். அதனால் ஒரு தொழிலாளிக்கும் கூரை கிடைத்திராது. வாய்மூடிப் பதவியில் இருந்திருக்கலாம். அது அவர் மனச்சான்றுக்கு ஒவ்வாது.

அவர் மூன்றாவது வழியொன்றைக் கண்டார். தோட்டத்தை விற்பதைத் தடுக்க முடியாதாயின், வாங்குபவர்களாகத் தொழிலாளர்களே இருக்கட்டும் என்பதே அவ்வழி. 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. நாட்கூலியாய்ச் சில வெள்ளியே பெற்ற மக்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் திரட்ட வேண்டியிருந்தது. பணத்தைக் கொடுத்தால் திரும்பி வருமா என்ற ஐயம் அவர்களுக்கு இருந்தது இயல்பே. சம்பந்தனார் தோட்டந்தோட்டமாகச் சென்றார். பால்மரக் காட்டு மக்களிடம் அவர்கள் மொழியிலேயே விளக்கினார். 1961ஆம் ஆண்டு, நமக்கு அண்டை மாநிலமான கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. கங்காணியின் கீழ்க் கைகட்டி நின்றவரின் பிள்ளைகள் தோட்டத்தின் பங்குதாரர் ஆயினர்! அதனைத் தொடர்ந்து பல தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன.

இப்பணியில் அவர் எவரையும் வைது பேசவில்லை. எவரோடும் பகை வளர்க்கவில்லை. விற்ற முதலாளி உரிய விலை பெற்றார். அரசாங்கத்துக்குச் சங்கடம் நேரவில்லை. தொழிலாளியின் அடுப்பு அணையவில்லை. மூவருக்கும் இழுக்கின்றிச் சிக்கலை அவிழ்க்கும் இவ்வகைத் தீர்வு ஒரே மேடைப்பேச்சில் பிறப்பதன்று. அதற்குக் கணக்கு வேண்டும், ஆள் வேண்டும், ஆண்டுக்கணக்கான பொறுமை வேண்டும். அவரோ இச்சங்கத்தின் தலைமைப் பொறுப்பைத் தம் இறுதிநாள்வரை கைவிடவில்லை.

அமைதிக்கும் எல்லை உண்டு

பெரியோரின் புகழை மட்டும் பாடி, அவர்கள் கண்ட தோல்வியை மறைப்பது முறையன்று. 1969ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் கோலாலம்பூரில் இனக்கலவரம் மூண்டது. நாடாளுமன்றம் நிறுத்தி வைக்கப்பட்டு, துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் ஆட்சிப் பொறுப்பை ஏற்றது. அம்மன்றத்தில் இந்தியர் சார்பில் அமர்ந்தவர் சம்பந்தனார். நெருப்பின்மேல் நிற்பது போன்ற அந்நாட்களில், ஒரு தவறான சொல் நாட்டையே மீண்டும் எரித்திருக்கும்.

அதே காலத்தில் மற்றொரு துயரம் நம்மவர் தலையில் இறங்கியது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. வாழ்நாளெல்லாம் இந்நாட்டில் உழைத்தும், பிறப்புச் சான்றிதழ் இல்லாமையாலும், அறியாமையாலும், விண்ணப்பிக்கத் தவறியதாலும் குடியுரிமை பெறாதிருந்த தோட்டத் தொழிலாளர் பலர். ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. பினாங்குத் துறைமுகத்தில் உறவினர் அழுது நிற்க, நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேறியோரின் கதைகளை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் கண்ணீரோடு சொல்லக் கேட்கிறோம்.

அரசாங்கத்தில் இருந்த தலைவரால் இதனை முற்றாகத் தடுக்க இயலவில்லை. இன்னும் உரத்துப் பேசியிருக்க வேண்டும் என்று அன்று பலர் கூறினர், இன்றும் கூறுவர். அக்கூற்றை ஒதுக்கிவிட முடியாது. இன்சொல்லும் நயமும் பெருங்கருவிகளே. ஆயினும் சட்டமும் காலமும் எதிராய் நிற்கையில் அவற்றுக்கும் எல்லை உண்டு. இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. இக்கட்டு வந்தபின் சமரசம் பேசுவதைக் காட்டிலும், வருமுன் ஆவணங்களைச் சீர்செய்து வைப்பது மேல். பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாது அல்லற்படுவோர் நம்மிடையே இன்றும் இருப்பதை நோக்க, அப்பாடத்தை நாம் இன்னும் முழுமையாகக் கற்கவில்லை என்பது புலனாகும்.

கலவரத்தின் வடு ஆறாத நாட்டில் இனங்களிடையே நல்லிணக்கம் வளர்க்கும் கடமை பின்னர் அவரையே வந்தடைந்தது. 1972இல் தேசிய ஒற்றுமை அமைச்சராகவும், அதனையடுத்துத் தேசிய ஒற்றுமை வாரியத்தின் தலைவராகவும் அவர் பணியாற்றினார். அப்பொறுப்புக்கு அவரைவிடப் பொருத்தமானவர் வேறு யாருளர்?

விலகுவதும் ஒரு கலை

அவர் வாழ்வின் இறுதிச் சோதனை சொந்த வீட்டிலிருந்தே எழுந்தது. 1970களின் தொடக்கத்தில் கட்சித் தலைமை மாற வேண்டும் என்ற குரல் வலுத்தது. துணைத்தலைவர் டான்ஸ்ரீ வெ. மாணிக்கவாசகம் அவர்களை ஆதரிப்போர் ஒருபுறம், சம்பந்தனாரை ஆதரிப்போர் மறுபுறம் எனக் கட்சி இரண்டுபட்டது. பிரதமர் துன் ரசாக் தலையிட்டு இணக்கம் காண முயன்றார். 18 ஆண்டுகள் தாம் கட்டி வளர்த்த இயக்கத்தின் தலைமையைத் துறப்பது எளிதன்று. ஆதரவாளர்களைத் திரட்டிப் போராடவும், தனிக்கட்சி காணவும் அவருக்கு வாய்ப்பிருந்தது. அவ்வாறு செய்திருந்தால் சிறுபான்மையினுள் சிறுபான்மையாக நம் சமுதாயம் உடைந்திருக்கும்.

அவர் உடைக்கவில்லை. 1973ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் தலைமையிலிருந்து விலகினார். போட்டிக் கட்சியும் தொடங்கவில்லை. கூட்டுறவுச் சங்கப் பணியிலும் ஒற்றுமைப் பணியிலும் தம்மை ஆழ்த்திக் கொண்டார். பதவியில் அமரும்போது காட்டும் பண்பைவிடப் பதவியை விட்டு இறங்கும்போது காட்டும் பண்பே ஒருவரின் உண்மை உயரத்தை அளந்து காட்டும்.

1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், அறுபது வயது நிறையும் முன்னரே, சம்பந்தனார் கோலாலம்பூரில் காலமானார். செல்வக் குடியில் பிறந்த அவர் தம் சொத்தில் பெரும்பகுதியைப் பொதுவாழ்வில் கரைத்துவிட்டிருந்தார். தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் உள்ள துன் சம்பந்தன் சாலையும், கூட்டுறவுச் சங்கத்தின் தலைமையகமான விஸ்மா துன் சம்பந்தனும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

நமக்குரிய வழி

மெய்யன்பர்களே! சம்பந்தனாரின் வாழ்வு அமைச்சர்களுக்கும் தலைவர்களுக்கும் மட்டும் உரியதன்று. நம் வட்டாரம் வேகமாக மாறி வருகிறது. 2014ஆம் ஆண்டு பினாங்கின் இரண்டாம் பாலம் பத்து காவானில் வந்து சேர்ந்தபின், தோட்ட நிலங்கள் தொழிற்சாலைகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறுவதைக் கண்ணாரக் காண்கிறோம். நிலம் கைமாறும் இடந்தோறும் கோயில், பள்ளி, இடுகாடு பற்றிய கேள்வி எழுகிறது. அண்டை அயலார் மூன்று இனத்தவராய் வாழும் ஊரில் ஊர்வல வழியும் ஒலிபெருக்கியும்கூடச் சில வேளை மனக்கசப்புக்குக் காரணமாகின்றன. ஆலய நிர்வாகத்திலேயே அணிகள் தோன்றுவதும் புதிதன்று.

இத்தகைய வேளைகளில் சம்பந்தனார் என்ன செய்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம். முதலில், நம் கையில் உள்ள உரிமைப் பத்திரங்கள் யாவை, எதிர்த்தரப்பின் அச்சம் யாது என்பதைத் தெளிவாக அறிந்து கொள்வார். கூட்டத்தைக் கூட்டுமுன், உரியவரை நேரில் சென்று காண்பார். தடுக்க இயலாத ஒன்றைத் தடுப்பதாக வாக்களியாமல், மாற்று வழியைத் தேடுவார். இணக்கம் ஏற்பட்டபின் வென்றோம் என்று பறைசாற்றி மற்றவரைச் சிறுமைப்படுத்தமாட்டார். தாமே தடையாய் இருப்பதாக உணர்ந்தால், வழிவிட்டு விலகவும் தயங்கமாட்டார்.

இஃது அச்சத்தால் அடங்கியிருப்பது அன்று. அஞ்சி அடங்குபவன் காரியத்தைக் கைவிடுவான். நயமறிந்தவன் காரியத்தை முடித்துவிட்டு ஆரவாரத்தைக் கைவிடுவான். நம் ஆலயங்களிலும் சங்கங்களிலும் பொறுப்பேற்கும் இளைஞர்கள் இவ்வேறுபாட்டை உணர்ந்து செயல்பட, எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.